இருபது கேலன் பீரை ஆறவைத்தவன்

ஐந்து கேலன் பீர் காய்ச்சுகிறவனுக்குச் செப்புச் சுருளே போதும். முளைகட்டிய பார்லியைக் கொதிக்கவைத்த சாற்றுக்குள் அதை இறக்கி, சுருளில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் ஆறிவிடும். இங்கே டுலூத் ஊர்க் குளிரில் சட்டியை வெளியே பனியில் புதைத்தாலும் ஆறும். இருபது கேலனுக்கு அதெல்லாம் எடுபடாது, சார். சீக்கிரம் ஆறாவிட்டால் கெட்டுப் புளித்துவிடும். அதனால்தான் குழாய்க்குள் குழாய் வைத்ததை வாங்கும்படி ஆர்லோவிடம் சொன்னேன். உள்ளே சூடான சாறு, வெளிக்குழாயில் எதிர்த்திசையில் தண்ணீர். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆர்லோ என் பக்கத்து வீட்டுக்காரன். மகள் பிரிட்டாவின் கல்யாணத்துக்காக இருபது கேலன் காய்ச்ச ஆசைப்பட்டான். நல்லவன்தான், இல்லையென்று சொல்ல எனக்கென்ன வந்தது. எங்கள் பீர் சங்கத்தில் வருடாவருடம் முதல் பரிசு அவனுக்கு. பக்குவம் என்னுடையது. பரிசு வாங்கியதும் என் தோளில் தட்டி, "வெண்டல் இல்லேன்னா என் சட்டிய எவன்டா கழுவுவான்?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும், சார்.

அந்தக் குழாயில் ஒரு தொல்லை உண்டு. ஜனவரியில் ஆர்லோவின் கார் ஷெட் கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சினால், சாறு கொதித்து முடிவதற்குள் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஆகவே கதவை மூடியே ஆகவேண்டும். உள்ளே பெரிய கேஸ் அடுப்பு எரியும். மூடிய இடத்தில் அது என்ன செய்யுமென்று எனக்குத் தெரியும். வாங்கச் சொன்னபோதே தெரியும். விஷவாயு வந்தால் கத்தும் அலாரம் ஒன்று சுவரில் இருந்தது. காய்ச்சிய அன்று காலையிலேயே அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். கத்தினால் காது போய்விடும்.

"தல வலிக்குதுடா. கதவ கொஞ்சம் தூக்கவா?" என்று ஆர்லோ கேட்டான்.

"தூக்கினா குழாய் உறைஞ்சிடும். ஒம் பொண்ணு கல்யாணத்துக்குப் பச்சத் தண்ணியா ஊத்தப் போற? கொஞ்சம் பொறு, காபி கொண்டாரேன்."

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்" என்றான். அன்று அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போய் என் காபியை நிதானமாகக் குடித்தேன்.

திரும்பி வந்து கதவைத் தூக்கினேன். ஆர்லோ தரையில் கிடந்தான், மூச்சு இருந்தது. சாறு வீணாகிவிடுமே என்று முதலில் அடுப்பை அணைத்தேன். தண்ணீரைத் திறந்து, இருபது கேலனையும் ஆறவைத்து, ஈஸ்ட் போட்டேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டபோது மூச்சு இல்லை.

உறைந்த நிலம் இளகிய பிறகு ஏப்ரலில்தான் அவனைப் புதைக்க முடிந்தது. அன்று சங்கக் கூடத்தில் அந்தப் பீரைத்தான் ஊற்றினார்கள். பிரிட்டா கோப்பையை உயர்த்தி, "அப்பா காய்ச்சினதுலயே இதுதான் பெஸ்ட்டு" என்று அழுதாள். எல்லோரும் ஆமாமென்று குடித்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பீர் என்னுடையது என்று மட்டும் தெளிவாக எழுதுங்கள்.