எங்களைப் பேச வைத்த குணசுந்தரி டீச்சர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் பரசுராமன் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் சான்றோர்களே, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைத் தோழர்களே, தாய்மார்களே! கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் என்று கேட்டால் பெயர் சொல்லாமல், நான் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கும் நண்பரே! உங்களுக்கும் என் வணக்கம். நன்றாகப் பதிவு செய்யுங்கள். சத்தமாகவே பேசுகிறேன்.

என் பெயர் மோசஸ். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஐடிஐயில் ஆங்கிலம் நடத்துகிறேன். நம் போற்றுதலுக்குரிய ஆசிரியை குணசுந்தரி அம்மையார் இங்கே நடத்திய ஞாயிற்றுக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அவருக்குத் துணையாக நின்றவன். போன ஞாயிறு, ஆட்டோவிலிருந்து இறங்கி வகுப்புக்கு நடந்து வந்தவரைப் பட்டப்பகலில் ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. அவர் பிழைக்கவில்லை. விபத்து என்கிறார்கள். விபத்துதானா?

யார் இந்த அம்மையார்? பள்ளி வேலையில் ஓய்வு பெற்றவர். திருநின்றவூரில் மகள் வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தாரா? ஞாயிறுதோறும் சென்னை போய், ரயில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ நெரிசலில் வந்தார். எதற்காக? நாம் பேச வேண்டும் என்பதற்காக!

அப்படி வந்தவரை நாம் நம்பினோமா? அதுவும் இல்லை. "யாரு இந்தம்மா? சும்மா வந்து இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குதாம். கம்பெனி அனுப்பின ஆளா இருக்கும், உஷாரா இரு" என்று தன் மனைவி செண்பகத்திடம் சொன்னவர், இதோ முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் சின்னராசு. கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "சங்கம் வைக்க வந்திருக்கு" என்றார்கள். இரண்டையும் கேட்டு டீச்சர் சிரித்தார். "சந்தேகப்படுங்க, தப்பே இல்ல. ஆனா மனசுக்குள்ள வச்சுக்காதீங்க. வாயைத் திறந்து கேளுங்க" என்றார்.

அவர் வகுப்பில் இலக்கணம் கிடையாது. இரண்டு இரண்டு பேராக உட்கார வைப்பார். ஒருவர் கையில் ஒரு படம் இருக்கும். மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டே அது என்ன படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். யாராவது தப்பாகப் பேசினால் நான் திருத்தப் போவேன். என் சட்டையைப் பிடித்து இழுப்பார். "அப்புறம் திருத்தலாம் மோசஸ். இப்ப திருத்தினா திரும்ப வாயே திறக்க மாட்டாங்க." அவர் முதலில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் குட் மார்னிங் இல்லை. 'ப்ளீஸ் சே இட் அகெய்ன்' என்பதுதான். புரியாத பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள் என்பார்.

அது எதற்கு உதவியது தெரியுமா? போன மழைக்காலத்தில், செண்பகம் பேக்கிங் செய்யும் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். செண்பகத்தின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர், "கேன்டீன் சாப்பாடு எப்டி இருக்குன்னு கேக்கறாரு. நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார்.

செண்பகம் தலையாட்டவில்லை. "சார், அவரு சோத்தப் பத்திக் கேக்கல. ஃபயர்னு இன்னாவோ சொன்னாரு" என்றவர், அந்த வெளிநாட்டுக்காரரிடமே திரும்பி, "ப்ளீஸ் சே இட் அகெய்ன், ஸ்லோலி" என்றார். அவர் மறுபடி நிதானமாகக் கேட்டார். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவீர்கள்? அதுதான் கேள்வி!

"தட் டோர். எவ்ரி டே லாக். டுடே ஒன்லி ஓப்பன்" என்றார் செண்பகம்.

இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று ஐடிஐ வாத்தியாராகிய எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்குப் புரிந்தது, தோழர்களே! நேராக அந்தக் கதவுக்கு நடந்தார். கழற்றிய சங்கிலி கதவுக்குப் பின்னால் கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. உள்ளே வேலை பார்க்கும் அத்தனை பெண்களுக்கும் இன்று ஒரு வழி இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? வகுப்பு நடந்த கூடம் பூட்டப்பட்டது. ரிப்பேர் என்றார்கள். ஒரு கொத்தனாராவது வந்தாரா? டீச்சர் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வகுப்பை நடத்தினார். பிறகு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் சின்னராசுவிடம், "உங்க டீச்சரம்மா எந்த ட்ரெயின்ல வருவாங்க?" என்று விசாரித்தார். சின்னராசு பதறிப்போய் டீச்சரிடம் ஓடினார். "இன்னாமோ சரியில்ல டீச்சர். எவனோ உங்களயே நோட்டம் பாத்துக்கினு கீறான். கொஞ்ச நாளு வராதீங்க." டீச்சர் சொன்னார்: "நான் வரலன்னா செண்பகம் பேசினது தப்புன்னு ஆயிடும். நான் வருவேன்."

வந்தார். வேப்பமரத்தை அவர் எட்டவில்லை.

நான் யார் மீதும் பழி போடவில்லை. கேட்கிறேன். நம்பர் பிளேட் இல்லாத வேன் அந்தச் சாலையில் யாருக்காகக் காத்திருந்தது? சாலையைப் பார்த்து நிற்கும் கேமரா அன்று மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? அவர் இறந்த செய்தியை மகளுக்கே நாங்கள் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மலர்வளையம் வந்து சேர்ந்ததே, அது எப்படி? எல்லாம் தற்செயலாகவே இருக்கலாம். அப்படியானால் விசாரித்து, நம் முன்னால் வந்து சொல்லட்டும்! அதுவரை எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் சந்தேகத்தை நான் மென்று விழுங்க மாட்டேன்.

அவரை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வேனைப் பார்த்திருக்கிறார். நேற்றுவரை பயந்தார். இன்று காலை சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டார். நாளை அவரோடு செண்பகமும் நானும் புகார் கொடுக்கப் போகிறோம். உடன் வர விரும்புகிறவர்கள் வாருங்கள். வரும் ஞாயிறு முதல் வகுப்பு என் வீட்டு மாடியில் நடக்கும். நடத்தப்போவது நான் மட்டுமல்ல, செண்பகமும்தான். இது டீச்சர் மீது ஆணை!

இறுதியாக, மௌன அஞ்சலி செலுத்தச் சொல்லி முடிக்குமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே. குணசுந்தரி அம்மையாருக்கு மௌனத்தைக் கொடுக்க என்னால் முடியாது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஒவ்வொருவராக உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். தமிழோ, ஆங்கிலமோ, தப்போ சரியோ, உரக்கச் சொல்லுங்கள்.

செண்பகம், மைக்கைப் பிடியுங்கள்.