மூன்றாம் மாடியில் குழைத்த மா

கிட்ட வந்து இருங்கள். பேக்கரிப் பணிஸ் தின்கிறவர்கள் தின்று முடியுங்கள்... பிறகு என்னைத் திட்டக் கூடாது. இது எங்கள் கூட்டாளி ஜெனிஸ்ரனின் மாமி அஞ்சலாவுக்கு நடந்தது.

உச்சி வெயில் நேரம். கீரிக் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு கழுதைகூட இல்லை. பிரான்சிலிருந்து வந்த அஞ்சலா, தான் கட்டிய மூன்று மாடிப் பேக்கரியைத் திறந்து தனியே உள்ளே போனாள். மறுநாள் திறப்பு விழா. அவளுடைய அப்பா அமிர்தநாயகத்தின் பழைய பேக்கரி இருந்த அதே நிலம். பெயர்ப் பலகையிலும் அவர் பெயர்தான். கீழே விற்பனை. நடுவில் கதிரை, மேசை, கோப்பி. மூன்றாம் மாடி மட்டும் முழுக்க அவளுடைய நினைவு. புகை பிடித்த சுவர், கண்ணாடி அலுமாரி, மா குழைக்கும் நீளமான மரத்தொட்டி என்று அவள் போனில் சொல்லச் சொல்ல, உள்ளலங்காரம் செய்யும் மில்ரன் அச்சொட்டாகச் செய்து கொடுத்திருந்தான்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தொட்டிக்குள் இறங்கி மாவைக் காலால் மிதித்துக் குழைத்தவன் சந்தான். இடது குதிகாலில் ஆறாத புண். சீழ் வடியும். அப்பா அவனை ஒரு நாளும் நிற்பாட்டவில்லை. அந்த மாவில் சுட்ட பாணை ஊருக்கே விற்றார். வீட்டில் மட்டும் ஒருவரும் தொடுவதில்லை. கால் அழுகித்தான் சந்தான் செத்தான். சீ... சொல்லவே வாய் கூசுகிறது.

மேலே ஏறினாள். குப்பென்று புளித்த நாற்றம். தொட்டிக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. வழுக்கி விழாமல் சந்தான் பிடித்துக்கொண்டு மிதிப்பானே, அதே மாதிரி. தொட்டாள்... ஈரம். வியர்வைப் பிசுபிசுப்பு.

உடனே மில்ரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, ஆர் உம்மை இங்க கயிறு கட்டச் சொன்னது?"

"நீங்கள்தானே அக்கா? போன கிழமை போனில சொன்னீங்கள். குரல்தான் கொஞ்சம் அடைச்சிருந்தது..."

சதக்... சதக்... சதக்...

திரும்பினாள். அழகுக்கு வைத்த வெறும் தொட்டி அது. இப்போது அதற்குள் மா பொங்கிக் கிடந்தது. மேலெல்லாம் கால் தடம். இடது குதிகால் பதிந்த இடத்திலெல்லாம் மஞ்சளாக ஒரு கசிவு...

கீழே ஓடினாள். விழாவுக்குப் பாண் போட அப்போதுதான் வந்த மார்த்தாவிடம், "மேல தொட்டியில இருக்கிறதை அள்ளிக் கொட்டு" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் பெயர் நாறிவிடும்.

மறுநாள் பாதர் மூன்றாம் மாடியில் செபம் சொல்லி முதல் பாணை வெட்டினார். எல்லோரும் தின்றார்கள்.

"கொப்பர் அமிர்தநாயகத்தின்ர பாண் மாதிரியே இருக்குது பிள்ளை!" என்றார் ஒரு கிழவர்.

பாதர் அவளுக்கும் ஒரு துண்டை நீட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சலா கடித்தாள். உப்புக் கரித்தது. ஆனால் என்ன ருசி!

மார்த்தா காதோடு வந்து சொன்னாள்: "நேற்று மேல இருந்த மா வழுவழுவெண்டு நல்லாப் பொங்கியிருந்தது அக்கா. கொட்ட மனம் வரேல்ல. அதைத்தான் போட்டனான்."

வாயிலிருந்ததைத் துப்பவேண்டும். எல்லோரையும் தடுக்கவேண்டும். அஞ்சலா சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

விழா முடிந்து சனம் கலைந்தது. அவள் மட்டும் மேலே, ஜன்னலடியில். கீழே ரோட்டில் பாதர் முன்னால் போனார். பின்னால் கிழவர், பெண்கள், பிள்ளைகள்... அத்தனை பேரும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். ஒருவரும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

அஞ்சலா தன் இடது காலை எடுத்து ஓர் எட்டு வைக்கத் துணியாமல் அங்கேயே நின்றாள்.