படத்தைக் கெடுக்கும் கிளைகள்

பனிக்காலத்தில் கேமரா பேட்டரியைப் பையில் வைக்கக்கூடாது. சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குளிர் பட்டால் முழுசாக ஏற்றிய பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும். இதை ரிஷார்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தண்ணீரிலிருந்து அவரை எடுத்தபோது உள்சட்டையில் இரண்டு பேட்டரிகள் இருந்ததாகச் சொன்னீர்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. தேநீரும் கொடுத்தீர்கள். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். கடையை விற்ற பிறகு எனக்கு இருந்தது வியாழக்கிழமைகள் மட்டும்தான். கலாச்சார இல்லத்து மாடியில் எங்கள் புகைப்பட மன்றம் கூடும். நாங்கள் ஒன்றும் கலைஞர்கள் அல்ல. பேருந்து ஓட்டும் வாட்செக் அன்னப்பறவைகளைத் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. மன்றத்தை நடத்துகிற யாத்விகா, பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள், காட்டுப்பூக்கள் எடுப்பாள். கோடையில் யாராவது குரோஷியா போய்வந்து, எல்லோரும் எடுத்த அதே கடலை எடுத்து வருவார்கள். யாத்விகா படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுவாள். கசகசா கேக்கைத் தின்றுகொண்டே குறை நிறை பேசுவோம். வாரத்தின் மற்ற நாட்களில் மன்றத்தின் இணையப் பக்கத்தில் படம் போட்டு, ஒருவர் படத்துக்கு ஒருவர் கருத்து எழுதுவோம்.

என் படங்கள் சுத்தமானவை என்று பெயர். மின்கம்பி, பிளாஸ்டிக் பை, யாரோ ஒரு சுற்றுலாக்காரரின் குடை, இப்படிப் படத்தைக் கெடுப்பது எதுவாக இருந்தாலும் கணினியில் உட்கார்ந்து நீக்கிவிடுவேன். தராசுத் தட்டில் தூசி இருக்கக்கூடாது என்று நாற்பது வருடம் பழகியவன்.

ரிஷார்ட் தலைநகர் வார்சாவில் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மனைவி தனுத்தாவோடு ஏரிக்கரையில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் படங்களில் தொடுவானம் எப்போதும் சாய்ந்திருக்கும். ஆனாலும் ஆட்கள் அவற்றை நெடுநேரம் பார்த்தார்கள். தரையிறங்கும்போது கால் இடறிய ஒரு கொக்கு. பனியில் பேருந்துக்காகக் காத்திருக்கும் கிழவியின் திறந்திருந்த கைப்பை. சிரிப்பார்கள், அப்புறம் கேக்கைக் கீழே வைத்துவிடுவார்கள். தொடுவானத்தை எப்படி நிமிர்த்துவது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். நன்றி சொன்னார்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அடுத்த வருட நாட்காட்டிக்குப் படம் தேர்ந்தெடுத்தோம். யாத்விகா என் நார்வே படத்தைச் சுவரில் காட்டினாள். மலைகளுக்கு நடுவே புகுந்த கடல், முன்னால் ஒரு பாறை, வேறொன்றும் இல்லை. நகராட்சி அலுவலகத்திலும் பல வருடங்களாகத் தொங்குகிற படம். ரிஷார்ட் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பொகுமில் ஐயா, இந்தப் பாறை மேல விழுந்திருக்கே, இது யாரோட நிழல்?"

"ஐயாவோட நிழலாத்தான் இருக்கும்" என்றார் வாட்செக்.

"இல்லைங்க. வெயில் பக்கவாட்டுல அடிக்குது. இது பாறை மேலயே நிக்கிற ஆளோட நிழல். பாருங்க, கீழ பாவாடை மாதிரி விரியுது."

"அட, பேயும் டிக்கெட் எடுத்துக்கிட்டு நார்வே வந்திருக்குபோல!"

எல்லோரும் சிரித்தார்கள். யாத்விகா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வருஷம் இரேனாவும் உங்ககூட வந்தால்ல, பொகுமில்?"

"வந்தாள்" என்றேன்.

இரேனா என் மனைவி. மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அந்தப் பாறையில் நின்றாள். "சீக்கிரம் எடுங்க, கை விறைச்சுப்போச்சு" என்றாள். எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த மஞ்சள் கண்ணை இழுத்தது, மலை எடுபடவில்லை. நீக்கினேன். நகராட்சியில் படத்தை மாட்டிய அன்று அவளும் வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாயிருக்கு" என்றாள். அப்புறம் ரொட்டி வாங்கப் போனாள். மறுவருடம் நோயில் போய்ச் சேர்ந்தாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

என்னை உறுத்தியது வேறு. ஆளை நீக்கிவிட்டு நிழலை விட்டிருக்கிறேன். இத்தனை வருடம் சுவரில் தொங்கியும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே ரிஷார்ட் செர்ரி வோட்காவோடு என் வீட்டுக்கு வந்தார். அண்ணன் தம்பியாகக் குடிப்போம் என்றார். கையோடு கை கோத்துக் குடித்தோம், கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டோம். அதிலிருந்து நீ, வா, போ. பொகுமில் ஐயா போய், வெறும் போகுஷ்.

"போகுஷ், என் வாயில சனி. எனக்கு எதுவும் தெரியாதுய்யா."

"பரவாயில்ல, விடு."

"பழைய படம் இருக்கும்ல? அவங்கள திரும்ப உள்ள வச்சிரு. நான் சொல்றேன் கேளு, அதுதான் நல்ல படம்."

மூலப்படத்தை நான் அப்போதே அழித்துவிட்டேன். கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன். அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாடிப்படியில் என் தோளைத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்பார்:

"கெடச்சாங்களா?"

கிடைத்ததா என்று அல்ல. கிடைத்தார்களா என்று.

கோபம் என்று எழுதாதீர்கள், அம்மா. எனக்குக் கோபம் வந்ததில்லை. அடுத்த அறையில் குழாய் சொட்டுவது மாதிரி ஒரு சத்தம். எழுந்து போய் அதை மூட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஏரி உறைந்தது. ஓடை வந்து விழுகிற மூலையில் மட்டும் எந்தக் குளிரிலும் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும். மேலே பனி மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் மீன் பிடிக்கிறவர்கள் அந்த எல்லையில் ஊசியிலை மரக்கிளைகளை வரிசையாக நட்டு வைப்பார்கள். அதைத் தாண்டினால் கொஞ்சம் திறந்த தண்ணீர் உண்டு. வெண்வால் கழுகுகள் அங்கே வந்து உட்காரும். ரிஷார்ட் கரையிலிருந்து அவற்றைப் படமெடுத்து மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டார். கழுகுகள் நகக்கண் அளவு, நடுவில் கிளைகள். இன்னும் கிட்டே போயிருக்கலாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். வாட்செக், "கிளைய மட்டும் தாண்டிராதீங்க, அப்புறம் கழுகு உங்கள படம் புடிக்கும்" என்று எழுதினார். நான், "கிளைகள் படத்தைக் கெடுக்கின்றன" என்று எழுதினேன். அது இப்போதும் பக்கத்தில் இருக்கிறது. அதில் தப்பொன்றும் இல்லை.

மறுநாள் அவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"மீன்காரங்க கிளையெல்லாம் எடுத்துட்டாங்க. பனி கெட்டியாயிருச்சாம். நேத்து நானே நடந்து பாத்தேன்."

"நெசமாவா? அப்ப காலைல நீயும் வாயேன்."

"முட்டி வலிக்குது. நீ போயிட்டு வா."

"கழுகு கெடச்சா மொதப் படம் உனக்குத்தான், போகுஷ்."

விடியும்போது நான் போய்விட்டேன். கிளைகள் உறைந்து இறுகியிருந்தன, இழுத்தும் வரவில்லை. தேநீருக்கென்று வெந்நீர் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் ஊற்றி அசைத்ததும் வந்தன. நாணலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன். வெளிச்சம் நன்றாக வந்ததும் ரிஷார்ட் வந்தார். ஒருமுறை மண்டியிட்டுக் கழுகுகளை எடுத்தார். எழுந்து நடந்தார். பனி உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். ஈரத்துணியை உதறினாற்போல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அவர் கைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் இல்லை.

கிளைகளைப் பழைய குழிகளிலேயே நட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வெங்காயம் அரிந்து போட்டு ஹெர்ரிங் மீன் சாப்பிட்டேன். கொக்கு இடறிய அவருடைய பழைய படத்துக்குக் கீழே, "அருமை. அடுத்ததற்குக் காத்திருக்கிறோம்" என்று எழுதினேன். எழுத வேண்டும்போல் இருந்தது.

கிளையைத் தாண்டிப் போய் விழுந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அடக்கத்தன்று வாட்செக் குழந்தை மாதிரி அழுதார். "சொன்னேனே, தாண்டாதீங்கன்னு அவ்ளோ தெளிவா எழுதினேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான்தான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சுவரில் ஒட்டுகிற மரண அறிவிப்புக்குப் படம் வேண்டும் என்று தனுத்தா என்னிடம்தான் வந்தாள். ஒரு கல்யாண நாள் கொண்டாட்டத்தில் எடுத்த படம். அவர் தோளில் அவள் கை இருந்தது. அறிவிப்பில் ஆள் தனியாக இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கையை நீக்கினேன். இந்த முறை நிழலையும் பார்த்து நீக்கினேன். அச்சான தாளை வாங்கி, தன் கை இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். "ரொம்ப சுத்தமா வந்திருக்கு, பொகுமில் ஐயா" என்றாள்.

அவர் கழுத்தில் தொங்கிய கேமராவை நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். கேமரா போய்விட்டது, உள்ளே இருந்த கார்டு போகவில்லை. அதை நீங்கள் யாரும் திறந்து பார்க்காதது உங்கள் வேலையில் ஒரு குறை. விபத்து என்றானபின் யார் பார்ப்பார்கள். தனுத்தாவுக்குத் தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை மன்றத்துக்கே எடுத்துவந்து யாத்விகா கையில் கொடுத்தாள்.

"நீங்கள்லாம் பேசிக்கிட்டே பாருங்க. அவருக்கு வியாழக்கிழமைன்னா உசுரு."

அப்படியே பார்த்தோம். முதலில் சில கழுகுப் படங்கள். மீன் அலகிலிருந்து நழுவுகிற ஒரு கணத்தை அவர் பிடித்திருந்தார். இறகில் வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டது என்றார் ஒருவர். இருக்கட்டுமே, அந்த மீனைப் பாருங்க என்றார் வாட்செக். தனுத்தா சிரித்தாள், அவர் போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். யாத்விகா கடைசிப் படத்தைத் தட்டினாள்.

நாணல். நாணலுக்கு நடுவே நான். இரண்டு கையும் கொள்ளாமல் ஊசியிலைக் கிளைகளை அணைத்துக்கொண்டு நிற்கிறேன். நீண்ட லென்ஸ், என் இமையில் படிந்த உறைபனிகூடத் தெரிந்தது. என்னை யாரும் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை. தொடுவானமும் நேராக இருந்தது.

யாரும் கருத்துச் சொல்லவில்லை.

"அன்னிக்கு முட்டி வலின்னு வீட்ல இருந்ததா சொன்னீங்களே?" என்றாள் தனுத்தா. அவள் குரலில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. வாட்செக் எழுந்து சுவருக்கருகே போனார். என் கைகளில் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். சுவர்தானே, என்ன தெரியும். ஆனாலும் தொட்டார். யாத்விகா போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்குத் தொலைபேசினாள்.

இங்கே முதலில் எழுதிக்கொடுத்ததில், மனம் மாறிக் கிளைகளைத் திரும்ப நடப் போனேன், கத்தினேன், காற்றில் அவருக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். நீங்கள் அந்தப் படத்தை மேசைமேல் வைத்தீர்கள். நாணல்கள் நேராக நிற்கின்றன. நுனியில் படிந்த பனி உதிரவில்லை. சரிதான், காற்று இல்லை. கத்தவும் இல்லை.

என்னைப் படம் எடுத்தபோது அவர் கெட்டியான பனிமேல்தான் நின்றார். கேமராவை இறக்கிவிட்டுச் சிரித்தார். நான் விறகு பொறுக்க வந்ததாக நினைத்தாரோ என்னவோ. பிறகு கழுகுகளின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் போகலாமா என்பதுபோல் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் தலையை அசைத்திருந்தால் போதும், திரும்பி வந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் திரும்ப நட வேண்டுமே என்று அள்ளி வைத்திருந்த கிளைகள் இரண்டு கையிலும் இருந்தன. அவற்றையெல்லாம் இடது பக்கமாக மாற்றிக்கொண்டு, வலது கையை விடுவித்து, இன்னும் கொஞ்சம் முன்னால் என்று காட்டினேன்.

அங்கே நின்று எடுத்தால் கழுகு சிறியதாகத்தான் தெரியும், அம்மா.