சிவப்புக் கோடு

பினாங்கின் ஈரக்காற்றில் சிவப்பு மை சீக்கிரம் காயாது. கோடு போட்டவுடன் ஏட்டை மூடினால் எதிர்ப்பக்கத்துப் பெயரிலும் கறை படிந்துவிடும். அதனால் துப்பாக்கி உரிமப் பிரிவில் இருந்த காலம் முழுவதும், மையொற்றும் தாள் பக்கத்தில் இல்லாமல் நான் அந்தப் பேனாவைத் தொட்டதில்லை.

துப்பாக்கிகளைப் பதிவு செய்வதால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். வெள்ளைக்காரர் ஆட்சி திரும்பிவிட்டது, புதிய ஏடு தொடங்க வேண்டும், பழைய எழுத்தரின் கருத்து தேவை என்கிறீர்கள். பயன் உண்டு. ஜப்பானியர் அதை நன்றாகவே காட்டிவிட்டுப் போனார்கள்.

நடைமுறை எளியது. துப்பாக்கி வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் ஏட்டில் இருக்கும். திருப்பிக் கொடுத்தால் ரசீது தருவோம், பெயரின் மேல் சிவப்புக் கோடு போடுவோம். கோடு இல்லையென்றால் துப்பாக்கி இன்னும் அவரிடம் இருக்கிறது என்று பொருள்.

செபாஸ்டியன் என் பக்கத்து வீட்டுக்காரர். பைராம் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். காட்டுப்பன்றி சுட வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் ஒரு காரும் அவரிடம் இருந்தன. நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட அன்று என் மனைவி செல்வநாயகியின் வயிற்றில் இரும்புத் துண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் கேட்டேன். பெட்ரோல் இல்லை என்றார். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வழியிலேயே முடிந்துவிட்டது. அவளை எரித்த பிறகு, அவருடைய கார் ஆயர் ஈத்தாம் சாலையோரம் நிற்பதைப் பார்த்தேன். பெட்ரோல் இல்லாத கார் அவ்வளவு தூரம் போயிருந்தது.

வெள்ளைக்காரர்கள் எங்களிடம் சொல்லாமல் கப்பலேறிய பிறகு, செபாஸ்டியன் துப்பாக்கியைப் பாயில் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அங்கே நான் மட்டும் இருந்தேன். செல்வநாயகியை நினைத்துக் கண் கலங்கினார். ஜப்பான்காரன் வந்து இதைப் பார்த்தால் குடும்பத்தோடு தொலைந்தோம் என்றார். நான் ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன்.

"நம்ம தம்பிதானே, ரசீது எதுக்கு? பேர மட்டும் அடிச்சிருங்க லா."

என் இடத்தில் வேறு இனத்து எழுத்தர் இருந்திருந்தால் செபாஸ்டியன் ரசீதைக் கேட்டு வாங்கியிருப்பார். குண்டு வீச்சில் அலுவலகக் கதவு போயிருந்தது. ஊரில் கொள்ளை நடந்துகொண்டிருந்தது. ஆகவே துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏட்டில் கோடு மறுநாள் போடலாம் என்றிருந்தேன்.

ஜப்பானியர் ஏட்டையும் என்னையும் வைத்துக்கொண்டார்கள். கோடில்லாத பெயர்களை நான் வாசிக்க வாசிக்க, ஆட்களை வரவழைத்தார்கள். திருடர்கள் பதிவு செய்வதில்லை, ஒழுங்கானவர்கள்தான் செய்வார்கள். எனவே வேலை சுலபமாக நடந்தது. ஒவ்வொருவரும் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். செபாஸ்டியன் மட்டும் வெறுங்கையோடு வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"இந்தத் தம்பிகிட்டதான் குடுத்தேன். கேளுங்க அண்ணே" என்று மொழிபெயர்ப்பாளர் பஷீரிடம் சொன்னார்.

பஷீர் என்னைப் பார்த்தார்.

"வாங்கியிருந்தா சிவப்பு மையால வெட்டியிருப்பன்" என்றேன்.

ஏட்டில் இருந்ததைத்தான் சொன்னேன். அவரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாயில் ஊற்றுவதற்காக வாளியில் தண்ணீர் நிரப்பும் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

அவர் மனைவி கேத்தரின் தினமும் சோறு கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்ரோல் இல்லேன்னு சொன்ன கோவமா, மூர்த்தி தம்பி? சத்தியமா இல்ல. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு, மாட்டக் கட்டித்தான் கார இழுத்துட்டுப் போனோம். வண்டிக்கார சுப்பையாவக் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். உண்மைதான் என்றார் சுப்பையா. பாதி வழியில் ஒரு மாடு படுத்துவிட்டதைச் சொல்லிச் சிரித்தார்.

அப்போது செபாஸ்டியனுக்கு உயிர் இருந்தது. பேனா என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் நாள் கடந்து கோடு போடுவது முறையல்ல. அந்த வாரமே உடலைக் கொடுத்தார்கள். அதன்பிறகு கோடு போட்டேன். மை காயும்வரை ஏட்டை மூடவில்லை.

ஆக, பதிவேடு தவறவிட்டது ஒரே ஒரு துப்பாக்கியைத்தான். அது என் கட்டிலுக்கடியில், செல்வநாயகியின் சேலையில் சுற்றியபடி இருக்கிறது. துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வருகிறேன். புதிய ஏட்டில் அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவில்லாத துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். இதுவரை நான் எந்தக் குற்றமும் செய்ததில்லை.