வெட்ட வேண்டிய இடம்

— உண்மையைச் சொல்லணுமா, இல்ல மனசு நோகாம சொல்லணுமா?

— உண்மையே சொல்லுங்க சார். அதுக்குத்தான் என்னைத் தியேட்டர் வாசல்ல நிக்க வச்சிருக்காங்க.

— யாரு? படம் எடுத்தவங்களா?

— ஆமா. படம் பாத்துட்டு வர்றவங்ககிட்ட கருத்து கேட்டு அனுப்பணும். அவ்வளவுதான் என் வேலை.

— டீயாவது வாங்கித் தர்றாங்களா?

— சின்னப் படம் சார்...

— அப்போ தர மாட்டாங்க. சரி, எழுதிக்கோங்க.

— போன்ல பதிவாகுது சார், நீங்க பேசுங்க.

— முதல்ல அந்த இலை.

— எந்த இலை?

— படம் ஆரம்பிக்கும்போது ரெண்டு பக்கமும் இலை போட்டு, நடுவுல பொடி எழுத்துல அந்த விருது, இந்த விருதுன்னு வரிசையா வருதே... அதைப் பாத்ததும் பக்கத்து சீட்டுக்காரர் செருப்பைக் கழட்டிட்டு வசதியா சாஞ்சுட்டார்.

— தூங்கறதுக்கா?

— பின்ன? இலை வந்தா ஹீரோ ஜன்னல் வழியா வெளிய பாக்கப் போறான்னு அர்த்தம். பாத்தானா இல்லையா?

— பாத்தான்...

— எவ்வளவு நேரம்! நான் எழுந்து போய், பாப்கார்ன் வாங்கி, உப்பு பத்தலன்னு சண்டை போட்டுட்டுத் திரும்பி வர்றேன்... இன்னும் அதே ஜன்னல்!

— அது வந்து... அவனோட தனிமையைக் காட்டறதுக்காக...

— எனக்குப் புரிஞ்சு, பக்கத்து சீட்டுக்காரருக்கும் புரிஞ்சு, கடைசியில அந்த ஜன்னலுக்கே புரிஞ்சிடுச்சும்மா. போதும்.

— சிரிக்க வைக்காதீங்க சார், என் குரலும் பதிவாகுது.

— இன்னும் கேளுங்க. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். நாள் முழுக்க 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேக்கற ஆளு. என்கிட்டயேவா? அந்தப் பொண்ணு விழுந்து புரண்டு அழுவுது, முகம் மங்கல். பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் வாளி மட்டும் பளிச்சுன்னு தெரியுது. வேற லென்ஸ் மாட்டி விடலாமான்னு என் கை தானா பாக்கெட்டுக்குப் போகுது.

— அது அன்னைக்கு ஃபோகஸ் பாக்க ஆள் வரல...

— என்ன சொன்னீங்க?

— இல்ல சார், வராம இருந்திருக்கலாம்னு சொன்னேன்.

— ம்... அப்புறம் அந்த சோஃபா. ஹீரோ வீட்லயும் அதேதான், முதலாளி வீட்லயும் அதேதான். மேல போர்வை மட்டும் வேற. கால் உடைஞ்ச பக்கம் செங்கல் வச்சது ரெண்டு வீட்லயும் தெரியுது.

— அதைக் கூடவா பாத்தீங்க!

— மழை சீன்ல ஹீரோ மேல மட்டும் பெய்யுது. பின்னாடி துணி காஞ்சுட்டு இருக்கு.

— ஐயோ.

— போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு போலீஸ் உள்ள போனாத்தான் இன்னொரு போலீஸ் வெளிய வர்றார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கவே இல்ல. பகையா?

— யூனிஃபார்ம் ஒண்ணுதான் இருந்துச்சு சார்.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— ...சொல்லிக்கிட்டாங்க. சரி சார், ஒண்ணு கூடவா நல்லா இல்ல?

— யார் சொன்னது? அந்த ஆஸ்பத்திரி வராண்டா. அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிடறாங்க. பையன் கையில அம்மாவோட செருப்பு. அதைக் கீழ வைக்கறதா, கையிலயே வச்சிருக்கறதான்னு தெரியாம நிக்கறான். பேச்சு இல்ல, பாட்டு இல்ல. பெரிய படமா இருந்தா அந்நேரத்துக்கு ஊர்ப்பட்ட வயலினை எல்லாம் கூட்டிட்டு வந்து நம்ம காதைப் பிடிச்சுத் திருகி 'அழுடா'ன்னிருப்பாங்க. இவங்க சும்மா விட்டாங்க. அதுக்கு ஒரு கும்பிடு.

— அது எனக்கும் பிடிக்கும் சார்.

— நானும் அப்படி நின்னிருக்கேன். செருப்பு இல்ல... கண்ணாடி. உள்ள போகும்போது கழட்டி என் கையில குடுத்துட்டாங்க.

— யாரோடது சார்?

— இருக்கட்டும். அடுத்த கேள்வி கேளுங்க.

— சரி... படம் நீளம்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால இன்னைக்கே கொஞ்சம் வெட்டப் போறாங்க. அப்புறம்தான் மத்த ஊருக்கு அனுப்புவாங்க. எதை வெட்டலாம்னு நினைக்கறீங்க?

— என்னையா கேக்கறீங்க? கத்திரியை இப்படிக் குடுங்க! ஜன்னல்ல முக்கால்வாசி போகட்டும். அந்தக் கனவு... வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மணல்ல ஓடறானே, அது மொத்தமா போகட்டும். முதலாளி போன்ல பேசறது...

— பஸ் ஸ்டாப்?

— ...எது?

— ஹீரோ பஸ்ஸுக்கு நிக்கறான்ல. அவன் பின்னாடி ஒரு அம்மா, ரெண்டு கையிலயும் பை. நேரா கேமராவைப் பாத்துடறாங்க. படம் எடுக்கறப்போ வர்ற தப்பு அது. அதை வெட்டிடலாம்னு இருக்காங்க.

— அது எதுக்கு... சின்னதுதானே. இருந்துட்டுப் போகட்டும்.

— கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே சார்.

— யார் சொன்னது? அதுல ஒரு... ஒரு ஆழம் இருக்கும்மா.

— ஆழமா?

— ஆமா. ஊர் உலகம் அவனை எப்படிப் பாக்குதுன்னு... அவனோட தனிமையை...

— தனிமை ஜன்னலுக்கே புரிஞ்சிடுச்சுன்னு இப்பதானே சொன்னீங்க?

— ஜன்னல் வேற, பஸ் ஸ்டாப் வேற!

— சார், அந்தம்மா அவனைப் பாக்கவே இல்ல. திரும்பி நம்ம பக்கம் பாக்கறாங்க.

— அதைத்தாம்மா நானும் சொல்றேன். அவ்வளவு பேர் நிக்கறாங்க, ஒருத்தர் முகத்துலயும் உயிர் இல்ல. அவ மட்டும்தான் பாக்கறா... பாக்கறாங்க.

— முதல்ல 'பாக்கறா'ன்னீங்க.

— வாய் தவறிடுச்சு.

— யாருன்னே தெரியாத ஒரு அம்மாவை 'அவ'ன்னு சொல்ற ஆளா நீங்க தெரியலையே சார். என்னையே இவ்வளவு நேரமா 'வாங்க, போங்க'ன்னுதான் பேசறீங்க.

— வெயிலுக்கு ஒதுங்கலாம்னு படத்துக்கு வந்தவனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன விசாரணை இது? நான் கிளம்பறேன்.

— தினமும் இதே வெயிலுக்குத்தான் ஒதுங்கறீங்களா?

— அதை யாரு சொன்னது உங்களுக்கு?

— பாப்கார்ன் விக்கறவர் சொன்னார் சார். கடையைப் பூட்டிட்டு ஒருத்தர் தினமும் மதியம் ஷோவுக்கு வர்றாராம். பஸ் ஸ்டாப் முடிஞ்சதும் எழுந்து வெளிய போயிடறாராம். இன்னைக்குத்தான் கடைசி வரைக்கும் உட்கார்ந்தீங்களாம்.

— இன்னைக்குக் கடைசி நாள்னு வாசல்ல ஒட்டியிருந்துச்சு. எழுந்து வர மனசு வரல.

— உட்காருங்க சார். இந்தப் படியிலயே உட்காருங்க. போனை அணைச்சுட்டேன்.

— ...அவ என் வீட்டுக்காரிம்மா. போன வருஷம் போயிட்டா. இந்தப் படத்துல அவ இருக்கான்னு எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. எல்லாச் சின்னப் படத்துக்கும் வர்ற மாதிரி திட்டறதுக்குத்தான் வந்தேன். ஹீரோ பஸ் ஸ்டாப்புல நிக்கறான், நான் கொட்டாவி விட்டுட்டு இருக்கேன்... திடீர்னு அவ. எழுந்து நின்னுட்டேன். பின்னாடி இருந்தவர் 'உட்காருய்யா, தலை மறைக்குது'ன்னு கத்தறார். எனக்குக் கால் மடங்கல.

— சார்...

— வீட்ல போட்டோ இருக்கு. ஆனா போட்டோவுல அவ அசைய மாட்டாளே. இதுல... மூக்குல இறங்கற கண்ணாடியைப் புறங்கையால ஏத்தி விடறா பாத்தீங்களா? கை ரெண்டுலயும் பை, அதனால. அந்தக் கண்ணாடி என் கடைது. அதை டைட் பண்ணித் தர்றேன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'ஊர்ல இருக்கறவங்க மூக்கை எல்லாம் பாருங்க, என் மூக்கை விட்டுடுங்க'ம்பா. நல்லவேளை பண்ணல. பண்ணியிருந்தா இப்போ அந்தக் கை மேல போயிருக்காதே.

— தண்ணி குடிங்க சார்.

— வேணாம்மா. நான் உங்க படத்தை அவ்வளவு கிண்டல் பண்ணேன், ஆனா ஒண்ணு சொல்றேன். பெரிய படமா இருந்திருந்தா ரோட்டுல கயிறு கட்டி எல்லாரையும் விரட்டி விட்டிருப்பாங்க. அப்புறம் ஆளுங்களை லாரியில கொண்டு வந்து இறக்கி நடக்க விட்டிருப்பாங்க. அதுல இவ ஏது? ரோட்டை மறிக்க உங்களுக்கு வக்கில்லாம போச்சு, அதனால என் பொண்டாட்டி எனக்குக் கிடைச்சா. உங்க வறுமைக்கு நான் எப்படி நன்றி சொல்றது? யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல. போஸ்டர்ல பேரெல்லாம் அவ்வளவு பொடிசு... எனக்கே படிக்க முடியல.

— என்கிட்டயே சொல்லலாம் சார்.

— சொல்லிட்டேன். கேக்கறதையும் கேட்டுடறேன். அதை வெட்டாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்கம்மா. உங்க பேச்சைக் கேப்பாங்களா?

— கேப்பாங்க.

— ஜன்னல் வேணும்னா இருந்துட்டுப் போகட்டும். கனவும் இருக்கட்டும். அவன் மணல்ல எவ்வளவு தூரம் வேணாலும் ஓடட்டும், நான் வாயே திறக்கல. அந்த ஒரு இடத்தை மட்டும்...

— சரி சார். கண்டிப்பா.

— ஒண்ணுதான் எனக்குப் புரியல. கேமராவைக் கண்டா அவ காத தூரம் ஓடுவா. எங்க கல்யாண போட்டோவிலயே பாதி முகம்தான் இருக்கும், மீதி என் தோளுக்குப் பின்னாடி. அப்படிப்பட்டவ எப்படி நேரா பாத்தா? பயந்துட்டாளா? 'தள்ளு தள்ளு'ன்னு யாராவது அதட்டினாங்களா? அதை நினைச்சாத்தான்... ராத்திரியெல்லாம் அதே யோசனையா இருக்கு.

— யாரும் அதட்டல சார்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? வாசல்ல கருத்து கேக்கற பொண்ணு...

— நான் வாசல்ல கருத்து கேக்கற பொண்ணு இல்ல சார். இந்தப் படத்தோட எடிட்டர். ஆள் பத்தலன்னு அன்னைக்கு அந்த பஸ் ஸ்டாப்புல கிளாப் அடிச்சதும் நான்தான். வெட்டப் போறோம்னு சொன்னது பொய், மன்னிச்சுக்கோங்க. உங்க பேரும் தெரியாது, கடையும் தெரியாது. அதை வெட்டாதேன்னு கெஞ்சற ஒருத்தர் வருவார்னு மட்டும் தெரியும். அதுக்காகத்தான் படம் வந்த நாள்லேருந்து படம் முடிஞ்சு வெளிய வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே கேட்டுட்டு நிக்கறேன். ஷாட் முடிஞ்சதும் அந்தம்மா பஸ்ஸை விட்டுட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. 'சின்னப் படமா?'ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். 'அப்போ எங்க வீட்டுக்காரர் நிச்சயம் வருவார். நான் தெரிஞ்சேதான் பாத்தேன், வெட்டிடாதே கண்ணு. அவர்கிட்ட சொல்லவும் மாட்டேன். அந்த மனுஷன் கண் கொட்டாம பாக்கறது திரையை மட்டும்தான்... ஒரு தடவை நான் அங்கேருந்து அவரைப் பாத்துக்கறேன்'னாங்க.