எல்லைக் கல்லில் ஒப்படைத்த தடம்

மழை ஓய்ந்த மறுநாள் காலை எனக்கு எப்போதுமே மனசு நன்றாக இருக்கும். மண் பிசைந்து வைத்த ரொட்டி மாவு போலக் கிடக்கும். எந்தக் கால் பட்டாலும் அச்சு விழும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நடுவர் ஐயா, அவசரப்படுத்தாமல் கேட்கிறீர்கள், நன்றி. உங்கள் எழுத்தரும் மெதுவாகவே எழுதட்டும். என் பெயர் நுஃப்லோ. மொன்தால்பா கோட்டைக்குத் தடம் பார்ப்பவன். ஓடைக்கு இந்தப் பக்கம் காஸ்தீல் ராஜாவின் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் கிரனாடா சுல்தானின் முஸ்லிம்கள், நாங்கள் மூர்கள் என்போம். ஆடு போனாலும் ஆள் போனாலும், கொண்டுபோனவன் தடத்தைப் பிடித்துக்கொண்டு நான் எல்லைக் கல் வரை போவேன். அங்கே நின்று கொம்பு ஊதினால் அந்தப் பக்கத்துத் தடக்காரன் வருவான். கடைசிச் சுவட்டைக் காட்டுவேன். அவன் அதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டான் என்று பொருள். பிறகு தடம் அவனுடையது. அது எந்த ஊரில் போய் முடிகிறதோ அந்த ஊர் பதில் சொல்ல வேண்டும். சாட்சி கிடையாது, சத்தியம் கிடையாது. தடக்காரன் சொன்னால் சொன்னதுதான். ராஜாக்கள் முத்திரை குத்திய ஒப்பந்தங்கள் எத்தனையோ கிழிந்து பார்த்திருக்கிறேன். இந்த வழக்கம் மட்டும் கிழிந்ததில்லை.

அந்தப் பக்கத்துத் தடக்காரன் யஹ்யா. பெனிஹாரித் ஊர்க்காரன். எனக்கு முடி கருப்பாக இருந்த காலத்திலிருந்தே பழக்கம். கல்லில் உட்கார்ந்து அவன் அத்திப்பழம் தருவான், நான் பாலாடைக்கட்டி தருவேன். "உங்க ஊர்த் திருடன் நடையப் பாரு, பன்னியத் தின்னுட்டு உடம்பத் தூக்க முடியல" என்பான். "உங்க ஊர்க்காரன் ஒயினே குடிக்காம தள்ளாடுறானே, அதுக்கு என்ன சொல்ற" என்பேன். சந்தையில் எதிரெதிரே கடை போட்டவர்கள் மாதிரி. வியாபாரம் வேறு, சிநேகம் வேறு.

இப்போது குத்தியெர்ரே. கோட்டையில் அவரைவிட நல்ல குதிரை வீரர் இல்லை. அவர் அப்பாவிடம்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். அந்த மனிதர் சாகும்போது மகன் கையை என் கையில் வைத்து, "இவன நீ பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். முதல் குதிரையில் ஏற்றியது நான். வீர வாளை இடுப்பில் கட்டிய அன்று வார் இழுத்துவிட்டதும் நான். பாதிரியார்கூட அவ்வளவு பக்கத்தில் நிற்கவில்லை.

அறுவடை முடிந்த வாரம் அவர் என்னைத் தேடி லாயத்துக்கு வந்தார். யஹ்யாவின் மகள் லுப்னாவோடு போகப்போவதாகச் சொன்னார். சண்டை இல்லாத காலத்தில் கைதிகளை மீட்கிற பேச்சுக்கு அந்த ஊருக்குப் போய்வந்ததில் ஆரம்பித்ததாம். குதிரையை யஹ்யா வீட்டு முற்றத்தில் கட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கிழக்கே அரகோன் ராஜ்யத்துக்குப் போய்விட்டால் அவள் அவள் தொழுகையைத் தொழலாம், இவர் இவர் பூசைக்குப் போகலாம், கேட்க ஆள் இல்லை என்றார்.

"உன்னத்தான் பின்னாடி அனுப்புவாங்க, நுஃப்லோ. எனக்காக ஒரே ஒரு தடவ தடத்தக் கோட்ட விட்டுடு."

"நானும் வர்றேன் சின்னய்யா" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நீ எதுக்கு? ஒனக்கு இங்க வீடு இருக்கு, சோறு இருக்கு. இந்த வயசுல எங்ககூட அலையப்போறியா?"

சரி என்றேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்ததெல்லாம் அவர் பெயரைப் பற்றித்தான். கோட்டைக்குக் கொடுத்த வாக்கை விட்டு மூர்ப் பெண்ணோடு ஓடிய வீரனின் கேடயத்தைக் கோயில் வாசலில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் துப்புவான். அப்பாவின் பெயரையும் சேர்த்து ஜெபத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அவருக்கு வயது குறைவு, இதெல்லாம் உறைக்கவில்லை. ஒரு சரக்கை விற்கிறவனுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை என்றால், கூட இருக்கிறவன்தானே கையைப் பிடிக்க வேண்டும்?

விடியலில் போய்விட்டார். கோட்டைத் தலைவர் என்னை அனுப்பினார். தடம் கலையாமல் இருக்க நான் எப்போதும் தனியாகத்தான் போவேன். முந்தின நாள்தான் மழை. அவர் தடத்தை ஒரு குழந்தைகூடப் பிடித்திருக்கும். ஒளிக்க முயற்சியே செய்யவில்லை. என்னை அவ்வளவு நம்பியிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் ஓடைத் தண்ணீருக்குள்ளிருந்து ஏறிய சின்னக் காலடி ஒன்று வந்து சேர்ந்தது. அங்கிருந்து குதிரையின் குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது, இரண்டு ஆள் பாரம். ஓடையை ஒட்டியே எங்கள் பக்கமாகப் போய், பாழடைந்த மாவு ஆலையில் முடிந்தது.

நான் போனபோது நல்ல வெயில். லுப்னா வாசலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பயப்படவில்லை.

"மாமா, அப்பா அனுப்புனாரா? கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் அவரை எழுப்பப் பார்த்தாள். "தூங்கட்டும், விடு" என்றேன். எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு கூஜாவைக் கீழே வைக்கக் குனிந்தாள். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சத்தமும் இல்லை. நல்ல பெண்.

அவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

இரண்டு பேரையும் ஆலைச் சக்கரக் குழியில் இறக்கி மேலே கல் போட்டேன். குதிரையை ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடத்திக் கல்லுக்குக் கொண்டுவந்தேன். அங்கே இருந்த சின்னக் காலடியையும் ஆலைப் பக்கம் திரும்பிய குளம்பையும் அழித்தேன். நான் பாறை மேலே நின்றுகொண்டு அதை அந்தக் கரையில் ஏற்றித் தட்டிவிட்டேன். அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை, பழகிய முற்றம். பிறகு கொம்பு ஊதினேன்.

யஹ்யா ஊர்ப்பக்கமிருந்து வரவில்லை, மேட்டுப்பக்கமிருந்து வந்தான். விடிந்ததிலிருந்து மகளைத் தேடிக்கொண்டிருக்கிறான். தாடியெல்லாம் தூசி. "நுஃப்லோ, வர்ற வழியில என் பொண்ணு காலடி எதுவும் பாத்தியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். எங்கள் வீரர் ஒருவரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், தடம் உன் பக்கம் ஏறுகிறது என்று காட்டினேன். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"ஏம்ப்பா, இது வெறுங்குதிர. மேல ஆள் இல்ல."

"எறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"நடந்த கால் எங்க?"

"பாறையில பட்டிருக்கும்."

அவன் பாறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீ சொல்ற. அதுக்கு மேல எனக்கு என்ன இருக்கு" என்றான். சுவட்டைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டான்.

தடம் அவன் வீட்டு முற்றத்திலேயே போய் நின்றது. வேறு ஒருவனாக இருந்தால் குதிரையை விரட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். யஹ்யா தானே ஊர்ப் பெரியவரிடம் போய், தடம் என் வீட்டில் முடிகிறது என்று சொன்னான். வீரரைத் திருப்பிக் கொடு என்று எங்கள் கோட்டைத் தலைவர் தவணை வைத்தார். இல்லாத ஆளை எப்படிக் கொடுப்பார்கள்? தவணை முடிந்தது. பெனிஹாரித்தில் கூரை மிஞ்சிய வீடு ஒன்றுகூட இல்லை. ஓடிப் பிழைத்தவர்கள் கொஞ்சம்தான். யஹ்யாவை அவன் வீட்டு ஒலிவ மரத்திலேயே தூக்கில் போட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். அது வெறுங்குதிரை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏற்றுக்கொண்ட தடத்தை மறுப்பது எங்கள் தொழிலில் இல்லை. தொழில் தெரிந்தவன்.

சின்னய்யாவுக்குக் கோட்டையில் பெரிய பூசை நடந்தது. கேடயம் நேராகத் தொங்கியது. பெண்கள் அழுதார்கள். நான் வாசல் பக்கம் நின்று பார்த்தேன். இத்தனையும் இதற்குத்தானே என்று மனசு நிறைந்துவிட்டது. ஆலைப் பக்கம் போன மேய்ப்பனின் நாய் மோப்பம் பிடிக்காமல் இருந்திருந்தால், நீங்களும் நானும் இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

செய்தது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். அவர்கள் இரண்டு பேரையும் ஒரே குழியில் வைக்காதீர்கள். அவரை அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அவருக்கு இன்னொரு பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. என்னைத் தூக்கில் போட்ட பிறகு அதைப் பற்றி யோசித்தால் போதும்.

கடைசி நேரத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஐயா. அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. குத்து முதுகில் இருக்கிறதே என்கிறீர்கள். உண்மைதான், கடைசிவரை அவர் குப்புறத்தான் படுத்திருந்தார். ஆனாலும் அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.