உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண்

மலேசியாவில், கிள்ளானிலிருந்து போகும் கொமுட்டர் புறநகர் ரயில். எதிரே மடிக்கணினியோடு ஓர் இளைஞன். பக்கத்தில் அவன் எழுதிய நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கண்டிப்பான அலுவலக அக்கா.

“யாரையோ நேத்துல இருந்து வேவு பார்த்திருக்க நீ.”

“புரோகிராம்கிட்ட, ஓடிட்டிருக்கற ஒண்ணாம் நம்பர் புரோசஸைத்தான் டிரேஸ் பண்ணச் சொன்னேன் அக்கா.”

“கண்டெய்னர்ங்கற தனி அறைக்குள்ளதான் அது ஒண்ணு. வெளிய மொத்த மெஷினையும் ஆளுற கெர்னல் அதுக்கு வேற நம்பர் வச்சிருக்கு. வெளிய ஒண்ணாம் நம்பர், மெஷினையே ஸ்டார்ட் பண்றது; நீ அதைத்தான் பார்த்திருக்க.”

“ஐயோ, இறங்கினதும் டெமோ லா!”

“வெளி நம்பரை வச்சுத் தேடு.”

தட்டினான். திரையைப் பார்த்துத் துள்ளினான்.

“வந்துருச்சு! ஒரே ஆளுக்கு எதுக்குக்கா ரெண்டு நம்பர்?”

“வீட்டுல ஒரு பேரு, அடையாள அட்டை ஐசில ஒரு பேரு இருக்கறதில்லையா?”

“உங்களுக்கு இருக்கா?”

“எனக்கெல்லாம் ஒரே பேருதான்.”

அந்நேரம் அக்காவின் கைப்பேசி அடித்தது. எடுத்ததும் ஒரு முதிய ஆண்குரல் பெட்டி முழுக்கக் கேட்டது:

“பாப்பா! சோத்து டப்பாவ வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டியே!”

இளைஞன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“சிரிக்காத,” என்றார் அவர், தானும் சிரித்தபடி. “அந்தப் பேரு கண்டெய்னருக்குள்ள மட்டும்தான்.”